வீட்டுத் தனிமைப் பேக்கேஜும் அதில் வந்த மாத்திரைப் பையும்: என் விமர்சனம்

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அந்த இரண்டும் தினமும் இரண்டு வேளை போன் செய்து விசாரித்த நர்சுக்கும், பையில் இருந்த ஆக்சிமீட்டருக்கும். பாராசிட்டமாலைத் தவிர மற்ற மாத்திரைகளுக்குக் கொடுக்க என்னிடம் நட்சத்திரம் இல்லை. ஏன் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2021 மே மாதம், இரண்டாவது அலை உச்சத்தில் இருந்த நேரம். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் 'கொரோனா வீட்டுத் தனிமைப் பேக்கேஜ்' அம்மா, அப்பா, நான் மூன்று பேருக்கும் சேர்த்து வாங்கினோம். மருத்துவமனையின் பெயர் வேண்டாம், அப்போது ஊரில் பல இடங்களில் கிட்டத்தட்ட இதே பைதான் கொடுத்தார்கள். இத்தனை வருஷம் கழித்து இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அதே மாதிரி பேக்கேஜ் இப்போது 'வைரஸ் காய்ச்சல்' என்ற பெயரில் விற்கிறது, அப்புறம் எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அன்றைய மருந்துச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் அதையே காட்டி வாங்கிப் போடுகிறார்கள். ஆளுக்கு ஆள் வாட்ஸப்பில் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம்.

பையில் இருந்தவை: அசித்ரோமைசின், டாக்ஸிசைக்ளின், ஐவர்மெக்டின், ஃபேவிபிராவிர், துத்தநாக மாத்திரை, வைட்டமின் சி, பாராசிட்டமால். தனியாக ஒரு சின்ன கவரில் ஸ்டீராய்டு மாத்திரை, மேலே 'ஐந்தாம் நாளும் காய்ச்சல் இருந்தால்' என்று பேனாவில் எழுதியிருந்தது. மூன்று பேருக்கும் ஒரே பை, ஒரே அளவு. அப்பாவுக்கு சர்க்கரை, யூரிக் ஆசிட் தொந்தரவு இரண்டும் உண்டு, அம்மாவின் எடை அப்பாவின் எடையில் பாதிதான், நான் முப்பதுகளில் இருக்கும் பெண். எந்த வித்தியாசமும் பார்க்கவில்லை.

இந்தப் பையில் பாராசிட்டமாலையும் சத்து மாத்திரைகளையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் எல்லாமே வேறு நோய்க்காக வந்த மருந்துகள். அதில் தவறு எதுவும் இல்லை. புதிய வைரஸ் வந்தால் புதிய மருந்து கண்டுபிடிக்க வருஷங்கள் ஆகும், பழைய மருந்து என்றால் எவ்வளவு கொடுக்கலாம், யாருக்கு ஆகாது என்பதெல்லாம் தெரியும், விலை மலிவு, இந்தியாவில் எத்தனையோ தொழிற்சாலைகள் ஏற்கனவே தயாரிக்கின்றன. நல்ல யோசனைதான், நான் அதற்குக் கட்சி. ஆனால் யோசனை நன்றாக இருப்பதும், அட்டையில் இருக்கும் அந்தக் குறிப்பிட்ட மாத்திரை வேலை செய்வதும் வேறு வேறு. அதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருக்கிறது: நோய் வந்து முதல் சில நாட்களில் வீட்டில் இருக்கும் ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்து கொடுத்து, இன்னொரு பாதிக்குக் கொடுக்காமல், கணக்குப் பார்க்க வேண்டும். நமக்கு வந்த பையில் இருந்த ஒவ்வொரு மருந்தையும் இந்த அளவுகோலில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

முதலில் அசித்ரோமைசின், பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாட்டிக். பிரிட்டனில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் 'பிரின்சிபிள்' என்று ஒரு ஆய்வு நடத்தியது. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போகவே வேண்டாம், வீட்டிலிருந்தே சேரலாம், மருந்து தபாலில் வரும், விசாரிப்பது போனிலும் இணையத்திலும். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், அல்லது 50 தாண்டி வேறு நோய் உள்ளவர்கள், அதாவது எங்கள் அப்பா அம்மா மாதிரி ஆட்கள். அதில் அசித்ரோமைசின் வாங்கியவர்களில் 28 நாளுக்குள் 80 சதவீதம் பேர் தேறினார்கள், வாங்காதவர்களில் 77 சதவீதம். பலன் என்று சொல்ல முடியாத வித்தியாசம். டாக்ஸிசைக்ளின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக்கும் அப்படியே. அந்த இரண்டிலும் பலன் இல்லை என்று 2021 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டார்கள், அசித்ரோமைசின் முடிவு மார்ச்சில் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. எங்கள் வீட்டுக்குப் பை வந்தது மே மாதம். இரண்டும் அப்போதும் பையில் இருந்தன.

இதைச் சும்மா 'பலன் இல்லை, கெடுதலும் இல்லை' என்று விட முடியாது. நம் ஊரில் டைபாய்டுக்கு வாயால் சாப்பிடும் மருந்துகளில் இன்னும் நம்பி எழுதக்கூடியவை மிகக் குறைவு, அதில் அசித்ரோமைசின் முக்கியமானது. ஒரு வைரஸ் காய்ச்சலுக்கு வீடு வீடாக ஐந்து நாள் அதைக் கொடுத்தால், அதை எதிர்த்துப் பிழைக்கும் கிருமிகளைத்தான் வளர்க்கிறோம். நாளைக்கு டைபாய்டு வரும் குழந்தைக்கு எதைக் கொடுப்பது? ஜலதோஷத்துக்கெல்லாம் 'மூணு நாள் கோர்ஸ்' கேட்டு வாங்குகிறவர்கள் இதை மட்டுமாவது படித்தால் போதும்.

அடுத்தது ஐவர்மெக்டின். இந்த மருந்தின் மேல் எனக்கு உண்மையிலேயே மரியாதை உண்டு. ஜப்பானில் சதோஷி ஒமுரா மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து வந்தது, வில்லியம் கேம்ப்பெல்லோடு சேர்ந்து 2015இல் நோபல் பரிசு. ஆப்பிரிக்காவில் ஆற்றோரக் கிராமங்களில் கண்ணைப் பறித்த ஒட்டுண்ணி நோயை அடக்கிய மருந்து. நம் ஊரில் சிரங்குக்குத் தோல் மருத்துவர்கள் எழுதுவார்கள், மெடிக்கலில் 'பூச்சி மாத்திரை' என்றால் இதையும் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

கொரோனாவுக்கு இது எப்படி வந்தது? 2020 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் வைரஸை விட்டு அதன்மேல் இந்த மருந்தைப் போட்டுப் பார்த்தார்கள், 48 மணி நேரத்தில் வைரஸ் சுமார் 5,000 மடங்கு குறைந்தது. உலகமே துள்ளியது. ஆனால் அந்தத் தட்டில் போட்ட அடர்த்தி, வழக்கமான மாத்திரை சாப்பிட்டால் மனித ரத்தத்தில் எட்டும் அளவைவிடப் பல பத்து மடங்கு அதிகம். அந்த அளவுக்கு ஒரு மனிதருக்கு மாத்திரை கொடுக்கவே முடியாது.

இன்னொரு சிக்கல் அந்த செல்கள். இந்த மாதிரிச் சோதனைகளுக்கு வழக்கமாக எடுப்பது வீரோ எனப்படும் செல்கள், ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்தவை. மலேரியா மருந்துகளான குளோரோகுயினும் ஹைட்ராக்சிகுளோரோகுயினும் அதில்தான் ஜெயித்தன. அந்தச் செல்லுக்குள் வைரஸ் நுழையும் பாதை வேறு, மனித நுரையீரல் செல்லுக்குள் நுழையும் பாதை வேறு. நுரையீரல் செல்லின் மேற்பரப்பில் ஒரு நொதி இருக்கிறது, அது வைரஸின் மேல் உள்ள முள் போன்ற புரதத்தை வெட்டி வைரஸை நேராக உள்ளே விட்டுவிடும். குளோரோகுயின் அடைக்கும் வழியை வைரஸ் தொடவே தேவையில்லை. 2020 ஜூலையில் ஜெர்மன் குழு ஒன்று நுரையீரல் செல்களில் செய்து பார்த்தது, குளோரோகுயின் அங்கே ஒன்றும் செய்யவில்லை. அதற்கு அடுத்த வருஷம் கலிபோர்னியாவிலிருந்து வந்த இன்னொரு ஆய்வு, இப்படித் தட்டில் ஜெயித்த பழைய மருந்துகளில் நிறைய, செல்லுக்குள் கொழுப்பைத் தேங்க வைத்து வைரஸைத் தடுப்பது மாதிரி காட்டியிருக்கின்றன, மனித உடலில் அதற்கு அர்த்தம் இல்லை என்று காட்டியது. 'ஆய்வகத்தில் வைரஸைக் கொன்றது' என்ற வரியை யார் அனுப்பினாலும் இந்த இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்: எந்தச் செல்லில், எவ்வளவு அடர்த்தியில்.

சரி, மனிதர்களில்? பிரேசிலில் 'டுகெதர்' என்ற ஆய்வு, 1,358 பேர், நோய் முற்றக்கூடியவர்கள், அறிகுறி தொடங்கி ஒரு வாரத்துக்குள். அவசரப் பிரிவில் நீண்ட நேரம் இருக்க வேண்டியது அல்லது ஆஸ்பத்திரியில் சேர்வது என்று கணக்கிட்டதில் ஐவர்மெக்டின் வாங்கியவர்களில் 14.7 சதவீதம், வெற்று மாத்திரை வாங்கியவர்களில் 16.3 சதவீதம். இதைப் பலன் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் அளவைக் கூட்டியும் பார்த்தார்கள், தேறும் நாள் குறையவில்லை. இந்த முடிவுகள் 2022இல் வந்தவை, எங்களுக்கு எழுதிய டாக்டரை அதற்காகக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு நம் நாட்டு வழிகாட்டுதலிலேயே 'கொடுக்கலாம்' என்ற பட்டியலில் இது இருந்தது. அதே மே மாதம் கோவா அரசு பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஐந்து நாள் கொடுப்பதாக அறிவித்தபோது, உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானியாக இருந்த நம் சௌம்யா சுவாமிநாதன், ஆய்வுக்கு வெளியே இதைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே நிறுவனத்தின் நிலை என்று வெளிப்படையாகச் சொன்னார். அதற்காக அவருக்கு வக்கீல் நோட்டீஸ் வரை போனது. அந்த நேரத்தில் அப்படிச் சொல்ல நிறைய துணிச்சல் வேண்டும். 2021 செப்டம்பரில் ஐவர்மெக்டினும் ஹைட்ராக்சிகுளோரோகுயினும் நம் தேசிய வழிகாட்டுதலிலிருந்து நீக்கப்பட்டன. மருந்துச் சீட்டுகளிலிருந்து நீங்க இன்னும் ரொம்ப நாள் ஆனது.

பையில் விலை அதிகமானது ஃபேவிபிராவிர், எனக்கு அதிகக் கோபம் இதில்தான். ஜப்பானில் அவிகான் என்ற பெயரில் 2014இல் அனுமதி வாங்கிய ஃப்ளூ மருந்து. சாதாரண ஃப்ளூவுக்கு அங்கே கடையில் கிடைக்காது, வேறு மருந்து கேட்காத புது வகை ஃப்ளூ பரவினால் அரசு முடிவு செய்து எடுப்பதற்காக இருப்பு வைத்திருக்கிறார்கள். ஏன் அவ்வளவு கட்டுப்பாடு என்றால் கருவில் இருக்கும் குழந்தைக்கு ஊனம் வரும் என்று விலங்குச் சோதனைகளில் தெரிந்தது. இப்படிப்பட்ட மருந்தை என் கையில் கொடுத்தபோது நான் கர்ப்பமாக இருக்கிறேனா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இது யூரிக் ஆசிடை ஏற்றும், எல்லோருக்கும் தெரிந்த பக்க விளைவு, அப்பாவிடமும் யாரும் கேட்கவில்லை. மருந்துப் பட்டியலைப் படித்துவிட்டு நான் போன் செய்து கேட்ட பிறகுதான் இரண்டு பேருக்கும் நிறுத்தச் சொன்னார்கள். கேட்டிருக்காவிட்டால்?

அளவு வேறு. முதல் நாள் 1,800 மில்லிகிராம் இரண்டு வேளை, அதாவது 200 மில்லிகிராம் மாத்திரையில் ஒரு வேளைக்கு ஒன்பது. அம்மா தட்டில் ஒன்பது மாத்திரையைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விழுங்கினார். சாப்பாடே இறங்காத நாளில் அது. அடுத்த நாளிலிருந்து வேளைக்கு நான்கு. பதினான்கு நாள் முழுக் கோர்ஸ் என்றால் 122 மாத்திரை. 2020 ஜூனில் இந்தியாவில் அவசரகால அனுமதியோடு முதலில் வந்தபோது ஒரு மாத்திரை 103 ரூபாய், கணக்குப் போட்டால் 12,500க்கு மேல். பிறகு விலை குறைந்தது, வேறு கம்பெனிகளும் வந்தன. இத்தனைக்கும் அடிப்படையாக இருந்த இந்திய ஆய்வில் 150 பேர். உடலிலிருந்து வைரஸ் வெளியேறுவது நிற்க மருந்து வாங்கியவர்களுக்கு 5 நாள், வாங்காதவர்களுக்கு 7 நாள், அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடிய எல்லைக்குள்ளேயே இருந்தது. 150 பேரை வைத்து உயிர் பிழைப்பதைப் பற்றியோ ஆஸ்பத்திரிக்குப் போவதைப் பற்றியோ எதுவும் சொல்ல முடியாது. கடன் வாங்கி இந்த மாத்திரை வாங்கிய குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

துத்தநாகமும் வைட்டமின் சியும் பற்றி நீட்டத் தேவையில்லை. அமெரிக்காவில் 214 பேருக்கு அதிக அளவில் கொடுத்துப் பார்த்தார்கள், அறிகுறி சீக்கிரம் குறையவில்லை, பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அந்தச் சின்ன கவருக்கு வருகிறேன். இந்தப் பேக்கேஜில் உண்மையிலேயே ஆபத்தானது அதுதான். ஸ்டீராய்டு இந்த நோயில் உயிரைக் காப்பாற்றிய மருந்து, அதில் சந்தேகம் வேண்டாம். 2020 ஜூனில் பிரிட்டனின் 'ரெகவரி' ஆய்வு டெக்சாமெத்தசோன் என்ற அரதப் பழசான, சில ரூபாய் மருந்தைப் பற்றிச் சொன்னபோது நான் அழுதேன். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமாகக் குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் வாங்கியவர்களில் 26.2இலிருந்து 23.3. பழைய மருந்தைப் புது நோய்க்குத் திருப்பியதில் இவ்வளவு பெரிய வெற்றி வேறு இல்லை. ஆனால் அதே ஆய்வின் மூன்றாவது வரியை யாரும் படிக்கவில்லை. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களில் மருந்து வாங்காதவர்கள் 14 சதவீதம் பேர் இறந்தார்கள், வாங்கியவர்களில் 17.8 சதவீதம். பலன் இல்லை, கெடுதலாகவும் இருக்கலாம்.

காரணம் புரியாதது இல்லை. முதல் வாரம் வைரஸ் பெருகும் வாரம், அப்போது உடம்பின் எதிர்ப்பு சக்தி வேலை செய்ய வேண்டும். இரண்டாவது வாரத்தில் சிலருக்கு அந்த எதிர்ப்பே அளவு மீறி நுரையீரலைத் தாக்குகிறது, அங்கேதான் ஸ்டீராய்டு உதவும். வீட்டில் ஆக்சிஜன் 97 காட்டுகிற ஒருவர் ஐந்தாம் நாள் காய்ச்சல் இருக்கிறது என்பதற்காக அதை விழுங்கினால் எதிர்ப்பு சக்தியைத் தானே தட்டிவைக்கிறார். சர்க்கரை நோயாளிக்கு சர்க்கரை எகிறும். அந்த மே மாதம் கறுப்புப் பூஞ்சை என்று கண்ணை எடுக்க வேண்டி வந்ததே, சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்ததுதான் அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரந்தீப் குலேரியா அந்த மாதத் தொடக்கத்திலேயே லேசான நோய்க்கு ஆரம்பத்தில் ஸ்டீராய்டு வேண்டாம் என்று எச்சரித்தார். சர்க்கரை உள்ள எங்கள் அப்பாவின் பையில் அந்தக் கவர் இருந்தது. நான் எடுத்து ஒளித்து வைத்தேன்.

நாள் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரெம்டெசிவிர் ஊசி மருந்து ஞாபகம் இருக்கும். கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் விடிய விடிய நின்றார்கள், அப்புறம் நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள். எபோலாவுக்காக முயன்று அங்கே தோற்ற மருந்து அது. ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறலோடு கிடந்தவர்களுக்கு அது கொடுத்த பலன் மிகச் சிறியது, அந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்காகத்தான் வரிசையில் நின்றார்கள். அதே மருந்தை ஆஸ்பத்திரியில் சேராத, நோய் முற்றக்கூடிய 562 பேருக்கு முதல் ஏழு நாளுக்குள் மூன்று நாள் ஊசியாகக் கொடுத்துப் பார்த்தபோது ஆஸ்பத்திரிக்குப் போவது 5.3 சதவீதத்திலிருந்து 0.7 சதவீதமாகக் குறைந்தது. அந்த முடிவு 2021 டிசம்பரில் வெளியானது. எனக்கு இதை நினைத்தால் இன்னும் மனசு ஆறுவதில்லை.

இனி பையில் இல்லாதவை. பூடசோனைடு இன்ஹேலர், ஆஸ்துமாக்காரர்கள் வீட்டில் சாதாரணமாக இருப்பது. கொரோனா வந்த புதிதில், ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில் ஆஸ்துமா, நாள்பட்ட மூச்சு நோய் உள்ளவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தார்கள். அவர்கள் தினமும் இழுக்கும் மருந்து காரணமாக இருக்குமோ என்று ஆக்ஸ்போர்டில் மோனா பஃபாதெல் குழு யோசித்தது. 146 பேரை வைத்துச் சின்ன ஆய்வு: அவசர மருத்துவ உதவி தேவைப்பட்டது சாதாரண சிகிச்சையில் 15 சதவீதம், இன்ஹேலரில் 3 சதவீதம். பிறகு பிரின்சிபிள் ஆய்வு பெரிதாகச் செய்தது, 800 மைக்ரோகிராம் இரண்டு வேளை, 14 நாள். தேறும் காலம் சுமார் மூன்று நாள் குறைந்தது. ஆஸ்பத்திரி அல்லது இறப்பு 8.8 சதவீதத்துக்கு 6.8, நம்பிக்கை தரும் எண், ஆனால் அவர்கள் முன்கூட்டி வைத்த கோட்டைத் தாண்டவில்லை. குறையும் சொல்லிவிடுகிறேன். இன்ஹேலர் வாங்கியவருக்கு அது தன் கையில் இருப்பது தெரியும், தேறிவிட்டேன் என்பதை அவரே சொல்கிறார், மனத்தைரியமும் அந்த மூன்று நாளில் கலந்திருக்கலாம். வேறொரு இன்ஹேலர் ஸ்டீராய்டை அமெரிக்காவில் வெற்று மருந்தோடு ஒப்பிட்டபோது பலன் தெரியவில்லை.

இருந்தாலும் அன்றைய நிலையில், வீட்டில் இருக்கும் வயதானவர்களிடம் சோதித்து ஏதோ ஒரு பலன் காட்டிய மருந்து அது. 2021 ஏப்ரலில் நம் தேசிய வழிகாட்டுதலிலும் ஐந்து நாளைத் தாண்டி காய்ச்சல் இருமல் இருந்தால் இழுக்கலாம் என்று இருந்தது. எங்கள் பையில் அந்த ஐந்தாம் நாளுக்கு வந்தது ஸ்டீராய்டு மாத்திரை. கேட்டேன், "இன்ஹேலர் பழகிடும்னு யாரும் வாங்க மாட்டாங்க மேடம்" என்றார் பேக்கேஜ் கவுன்டரில் இருந்தவர். அந்தப் பயம் நம் ஊரில் ஆஸ்துமா உள்ள குழந்தைகளைக்கூட மூச்சிரைக்க விடுகிறது, அதைத் தனியாக எழுத வேண்டும்.

ஃப்ளுவாக்சமின் இன்னொன்று. மன அழுத்தத்துக்கும், கையைத் திரும்பத் திரும்பக் கழுவும் மாதிரியான எண்ணச் சுழற்சி நோய்க்கும் மனநல மருத்துவர்கள் எழுதும் மாத்திரை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவர்கள் ஏஞ்சலா ரைர்சனும் எரிக் லென்சேயும், அழற்சியை அடக்கும் ஒரு புரதத்தின் மேல் இது வேலை செய்வதை வைத்துச் சோதித்தார்கள். 152 பேரில் மருந்து வாங்கிய 80 பேரில் ஒருவர்கூட மோசமாகவில்லை, வெற்று மாத்திரை வாங்கிய 72 பேரில் 6 பேர் மோசமானார்கள். பிரேசிலின் டுகெதர் ஆய்வில் 1,497 பேர், 100 மில்லிகிராம் இரண்டு வேளை, பத்து நாள்: அவசரப் பிரிவில் நீண்ட நேரம் இருக்க வேண்டியது அல்லது ஆஸ்பத்திரிக்குப் போவது 16 சதவீதத்திலிருந்து 11 ஆகக் குறைந்தது. ஐவர்மெக்டின் தோற்ற அதே ஆய்வில், அதே ஊர்களில், அதே அளவுகோலில் இது தாண்டியது. அதனால்தான் நான் அந்த ஆய்வை இரண்டு பக்கமும் நம்புகிறேன்.

ஆனால் 2022 மே மாதம் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி மறுத்தது. விண்ணப்பித்தது எந்தக் கம்பெனியும் இல்லை, மினசோட்டாவைச் சேர்ந்த டேவிட் பௌல்வேர் என்ற டாக்டர். காப்புரிமை முடிந்த மருந்துக்காகக் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைய எந்தக் கம்பெனிக்கு லாபம்? பழைய மருந்துகளின் பெரிய பலவீனம் இதுதான், விலை மலிவு என்பதாலேயே அதற்குப் பேச ஆள் இல்லை. பிறகு தடுப்பூசி போட்டவர்கள் அதிகமாக இருந்த அமெரிக்க ஆய்வில் ஃப்ளுவாக்சமின் தேறும் நாளைக் குறைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அப்புறம் காபி குடிக்கிற நம் ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை: இது கல்லீரலில் காஃபினை உடைக்கும் நொதியைத் தடுக்கும், வழக்கமான இரண்டு டம்ளர் டிகாஷன் காபியே படபடப்பும் தூக்கமின்மையும் கொண்டுவரும். மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் மாத்திரை கிடையாது.

எங்கள் அப்பா தினமும் சாப்பிடும் சர்க்கரை மாத்திரையும் இந்தக் கதையில் இருக்கிறது. மெட்ஃபார்மின். மினசோட்டாவில் கேரலின் பிரமன்டே நடத்திய ஆய்வில் எடை அதிகமுள்ள 1,323 பேர், அறிகுறி தொடங்கி ஒரு வாரத்துக்குள். முதன்மையான அளவுகோலில் பலன் தெரியவில்லை, அதில் வீட்டு ஆக்சிமீட்டர் எண்ணையும் சேர்த்துவிட்டார்கள். ஆனால் அவசரப் பிரிவு, ஆஸ்பத்திரி, இறப்பு மட்டும் எடுத்தால் 7.3 சதவீதம் 4.1 ஆனது, பத்து மாதம் தொடர்ந்து பார்த்ததில் நீண்டகாலக் கொரோனா 10.4இலிருந்து 6.3 சதவீதமாகக் குறைந்தது. இதை இன்னும் நன்றாகச் சோதிக்க வேண்டும் என்பதே என் ஆசை. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், 1949 வாக்கில் பிலிப்பைன்சில் யூசெபியோ கார்சியா என்ற டாக்டர் இந்த மருந்தை ஃப்ளூவுக்குத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார், அதில் சர்க்கரை இறங்குவதையும் குறித்து வைத்தார். சர்க்கரைக்கு இது பிரபலமானதே அதன் பிறகுதான்.

பையை வைத்துச் சண்டை போட்டாலும், சேவையைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நர்ஸ், பெயர் போட அனுமதி வாங்கவில்லை, காலையும் சாயங்காலமும் தவறாமல் அழைத்தார். "நடந்துட்டு வந்து மறுபடி விரல்ல மாட்டிப் பாருங்கம்மா, ஆறு நிமிஷம் நடங்க" என்று சொல்லிக் கொடுத்தது அவர்தான். உட்கார்ந்திருக்கும்போது 96, நடந்தால் 91 என்று அம்மாவுக்கு இறங்கியதை அப்படித்தான் கண்டுபிடித்தோம், அன்றே ஆஸ்பத்திரியில் இடம் தேடினோம், அங்கே ஆக்சிஜன் கொடுத்த பிறகு, சரியான நாளில், ஸ்டீராய்டு கொடுத்தார்கள். அம்மா பிழைத்து வந்தார்.

போன மாதம் அதே இடத்தில் புதிய காய்ச்சல் பேக்கேஜ் பற்றி விசாரித்தேன். அசித்ரோமைசின் இன்னும் இருக்கிறது. மாத்திரை வேண்டாம், நர்ஸ் அழைப்பும் ஆக்சிமீட்டரும் டாக்டரின் வீடியோ ஆலோசனையும் மட்டும் போதும், விலை எவ்வளவு என்று கேட்டேன். பிரித்துத் தருவதில்லை என்றார்கள். பிரித்துத் தரும் இடம் சென்னையில் யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள், அம்மா அப்பாவுக்கு நான் அன்றைக்கே பணம் கட்டுகிறேன்.